மாடியில் அடித்த மணி

சுமதியைப் பற்றிச் சொல்வதென்றால் ஏணியிலிருந்துதான் தொடங்க வேண்டும். பெரம்பலூரில் நஜீமுதீன் பாய் வைத்திருக்கும் டெலிபோன் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, ஒரு வக்கீல் ஆபீசில் வயர் இழுக்க ஏணி மேல் ஏறினாள். வக்கீலின் குமாஸ்தா அண்ணாந்து பார்த்து, "ஏம்மா, ஆம்பள ஆளு யாரும் வரலியா?" என்று கேட்டார். "வந்திருக்காருங்களே, ஏணியப் புடிச்சிக்கிட்டு கீழ நிக்கிறாரு பாருங்க" என்றாள் இவள். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது அந்தக் குமாஸ்தாவேதான். பாய் இந்தக் கதையைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அப்படி வாய் உள்ள பொம்பிளை. அந்த வாய் பேச வேண்டிய ஒரு இடத்தில் பேசாமல் போனதுதான் இங்கே சொல்ல வந்த சங்கதி.

குன்னத்துக்குப் பக்கத்து ஊர் அவளுக்கு. அம்மா ஆண்டாயி மக்காச்சோளக் காட்டிலும் வெங்காயக் காட்டிலும் கூலிக்குப் போய் வளர்த்தவள். அப்பா சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் ஆண் என்று இருந்தது ஆண்டாயியின் தம்பி அமாவாசை ஒருவன்தான். சுமதி டிப்ளமோ படிக்கப் போகிறேன் என்றபோது, கட்டிக் கொடுத்துவிடலாம் என்று சொன்ன சொந்தக்காரர்களை எல்லாம், "கட்டிக் குடுத்தா நீயா வந்து அவளுக்குக் கஞ்சி ஊத்தப்போற?" என்று வாசலிலேயே மடக்கி அனுப்பியவன் அவன். அரியலூருக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு சிமெண்ட் ஆலையின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை. நல்ல மனுசன்தான். ஆனால் குடிப்பான். குடித்தால் சண்டை போட மாட்டான், அழுவான். செத்துப்போன ஆட்டுக்குட்டிக்குக்கூட அழுவான். ஊரில் அவன் பேச்சை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அந்த ஆலைக்கே புதிய போன் போடும் வேலை பாய்க்குக் கிடைத்தது. லப்பைக்குடிக்காட்டுக்காரரான பாய், துபாயில் ஓட்டல் ஓட்டலாகப் போன் மாட்டி வாழ்க்கையில் பாதியைக் கழித்துவிட்டுத் திரும்பியவர். "துபாயில ஒரு டவருக்கே நாங்க ஒரே நாள்ல போட்டோம். பெட்டிய ஒடைச்சு செருகுனா முடிஞ்சுது, மத்ததெல்லாம் அதுவே பாத்துக்கும்" என்பார். சுமதிக்கு அந்த வித்தையைக் கற்றுக் கொடுத்ததும் அவர்தான்.

வித்தை ஒன்றும் பெரிதில்லை. பழைய போனில் நம்பர் என்பது சுவரிலிருந்து வரும் வயரில் இருந்தது. எந்தப் போனைக் கொண்டுவந்து செருகினாலும் அந்த வயரின் நம்பர்தான் பேசும். புதியது அப்படியில்லை. ஒவ்வொரு போனுக்கும் தயாரிக்கும்போதே ஒரு அடையாள எண் போட்டுவிடுகிறார்கள், நமக்கு ஆதார் இருக்கிற மாதிரி. வயரில் செருகியதும் போன் கண் விழித்து, நெட்வொர்க்கிடம் "எனக்கு விலாசம் என்ன, என்னுடைய செட்டிங் எங்கே இருக்கு?" என்று கேட்கும். ஆலையின் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும் சர்வர் அந்த அடையாள எண்ணைப் பார்த்து, "ஓ, நீயா? நீ கேண்டீன். உன் நம்பர் இது, எடுத்துக்கோ" என்று கொடுத்துவிடும். போனைத் தொட்டு ஒரு பட்டனைக்கூட அமுக்க வேண்டியதில்லை. எந்தப் போன் எந்த மேசைக்கு என்பதை எல்லாம் சுமதி பெரம்பலூர் கடையில் உட்கார்ந்தே கம்ப்யூட்டரில் போட்டு முடித்தாள். ஒவ்வொரு போனின் அடியிலும் போக வேண்டிய இடத்தின் பெயரை எழுதி ஒட்டி அனுப்பினாள். ஆலைக்காரர்களே பெட்டியைப் பிரித்துச் செருகினார்கள். எல்லாம் தன்னால் உயிர் பெற்று எழுந்ததைப் பார்த்து ஆபீசே வாயைப் பிளந்தது.

சுரங்கத்துக்கு மட்டும் அவளே நேரில் போனாள். வெடி வைக்கிற இடம் என்பதால் அங்கே செல்போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் சுரங்கத்துக் கொட்டகையில் இரும்புப் பெட்டிக்குள் ஒரு போனை மாட்டினாள். ஆலைக்குள் மட்டும் பேசலாம், வெளியே பேச முடியாது. ஏதாவது அடிபட்டால் கூப்பிட வேண்டியது முதலுதவி அறை. அந்த அறை ஆபீஸ் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது, ஆம்புலன்ஸ் அதன் வாசலிலேயே நிற்கும். படிக்காத ஆளுக்கும் மனதில் நிற்கட்டும் என்று அந்த அறைக்கு ஐந்து ஐந்து ஐந்து என்று நம்பர் வைத்தாள். பெட்டிக்கு மேலே அதைச் சிவப்பு பெயிண்டில் எழுதியவன் அமாவாசை. கூட வேலை பார்க்கிறவர்களை எல்லாம் கூட்டிவந்து, "எங்க அக்கா மவ போட்ட போனுடா இது. சும்மா தொட்டீங்க, கைய ஒடைச்சிப்புடுவேன்" என்று அவன் பண்ணிய அலம்பல் இருக்கிறதே, சுமதிக்கு ஒரு பக்கம் வெட்கம், ஒரு பக்கம் பெருமை.

ஆனால் ஒரு வார்த்தை அவள் சொல்லாமல் விட்டாள். "போனை இடம் மாத்தாதீங்க, நம்பர் போனோட வந்துடும்" என்ற ஒரே வார்த்தை. மறைக்கவில்லை. அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. பழகிய கைக்கு அது அத்தனை சாதாரணம். அடியில் பெயர் ஒட்டியிருக்கிறதே, எவன் மாற்றப்போகிறான் என்று இருந்துவிட்டாள்.

அந்த வருசம் ஆயுத பூஜை முடிந்த மறுநாள், விஜயதசமியன்று, சுரங்கத்தில் பூவரசனின் காலில் பாறை சரிந்தது. சுமதியின் ஊர்க்காரன், அமாவாசையோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவன். ஆபீசுக்கு அன்று விடுமுறை, சுரங்கத்துக்கு மட்டும் வேலை. அமாவாசை கொட்டகைக்கு ஓடினான். ஆனால் ஆம்புலன்ஸ் வரவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டுக் கடைசியில் கல் ஏற்றும் டிப்பரில் தூக்கிப் போட்டு மேலே கொண்டுவந்தார்கள். அதற்குள் ரத்தம் ஏகமாகப் போய்விட்டது. திருச்சியில் காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். அந்த ஒரு சொல் ஊரெல்லாம் தீயாகப் பரவிவிட்டது.

முதலுதவி அறையில் டிரைவர் பழனிவேல் காலையிலிருந்து அசையாமல் இருந்திருக்கிறார். "எம்புள்ளைங்க மேல சத்தியமா போன் அடிக்கல" என்றார். பொய் பேசுகிற ஆள் இல்லை அவர். அமாவாசையோ, "மூணு தடவ கூப்புட்டேன், எவனும் எடுக்கல" என்றான். ரெண்டில் ஒன்றுதான் நிஜமாக இருக்க முடியும் என்று உலகம் நினைத்தது. பூஜையன்று சாயங்காலம் எந்திரத்துக்குப் பொரி கடலை வைத்துக் கும்பிட்டு முடித்ததும் அமாவாசை மூக்கு முட்டக் குடித்ததைப் பார்க்காத ஆளில்லை. அப்புறம் யார் பேச்சு எடுபடும்? பூவரசனின் மனைவி பாப்பாத்தி, சுமதியோடு பள்ளிக்கூடம் படித்தவள், அமாவாசை வீட்டு வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினாள். "கூடப் பொறக்காத அண்ணன்னு நெனச்சேனே, எம்புருசன நொண்டியாக்கிட்டியே பாவி, நீ வெளங்குவியா?" என்று அவள் கத்தியது தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை சுமதி ஊருக்குப் போனாள். அமாவாசை வீட்டுக்குப் பின்னால், விறகு அடுக்கியிருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தான். குடிக்கவில்லை. முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"கூப்புட்டேன் புள்ள. மணி அடிச்சுது, காதால கேட்டேன். எடுக்கல" என்றான்.

"பழனிவேலண்ணன் அங்கியேதான ஒக்காந்திருந்தாரு? எப்புடி மாமா எடுக்காம இருப்பாரு?"

"அது எனக்கு எப்புடித் தெரியும்?"

"அது நான் செட் பண்ணுன போன் மாமா. அது பொய் சொல்லாது. நீதான் அன்னிக்கி என்ன நெலமையில இருந்தியோ."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "நீயுமா புள்ள சொல்லுற?" என்றான். சுமதி பஸ் ஏறி வந்துவிட்டாள். கோபமாக இருந்தாள், நியாயமான கோபம் என்றே நினைத்தாள்.

திங்கள்கிழமை காலையில் ஆலை ஆபீசிலிருந்து ஜெயலட்சுமி போன் பண்ணினாள். அலுவலகத்தில் கணக்கிலிருந்து காபித்தூள் வரைக்கும் எல்லாவற்றையும் கட்டி மேய்க்கிறவள்.

"சுமதி, ஒங்க போனுக்கு என்னடி ஆச்சு? பெரிய சார் அக்கவுண்ட்ஸக் கூப்புட்டா கேண்டீன்ல எடுக்குறாங்க. 'எத்தன டீ சார்?'னு கேட்டிருக்கான் அவன். சார் மொகத்த நீ பாக்கணுமே!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

சுமதியும் சிரித்தாள். "எப்பலேர்ந்துக்கா இப்புடி?"

"பூஜையிலேர்ந்துதான். எல்லாத்தையும் தொடைச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, ஹால்ல சரஸ்வதி படத்துக்கு முன்னாடி வரிசையா அடுக்கிக் கும்புட்டோம்ல. வருசா வருசம் செய்யுறதுதான. அப்புறம் அன்னிக்கி சாயங்காலமே எடுத்து அங்கங்க செருகிட்டோம்."

"அடியில பேரு ஒட்டியிருந்துச்சே அக்கா?"

"ஈரத் துணி போட்டுத் தொடைச்சதுல அது எங்க இருக்கு? எல்லாம் ஒரே மாதிரி கருப்பு போனு. எது எங்க இருந்தா என்னடி, வயரு அந்தந்த எடத்து வயருதான?"

சுமதிக்குச் சிரிப்பு நின்றுபோனது. அவள் சொல்லாமல் விட்ட வார்த்தை அதுதான். பழைய போன் காலத்தில் இதே ஆபீஸ் இதே மாதிரி எல்லாப் போனையும் கழற்றிக் கும்பிட்டு, எதை எங்கே செருகினாலும் ஒரு குறையும் வந்ததில்லை. வழக்கம் மாறவில்லை, போன்தான் மாறியிருந்தது.

கடையில் சோதனை பார்ப்பதற்காக ஆலையோடு இணைத்து வைத்த ஒரு போன் உண்டு. அதில் ஐந்து ஐந்து ஐந்து அடித்தாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ எடுத்தார்கள்.

"யாருங்க?" ஒரு பெண் குரல்.

"முதலுதவி ரூமுங்களா?"

"இல்லீங்க, இது மாடியில மீட்டிங் ரூமு. நான் கூட்ட வந்தேன். ரொம்ப நேரமா அடிக்குதேன்னு எடுத்தேங்க."

சுமதி போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். விஜயதசமியன்று பூட்டிக் கிடந்த மாடியில், பூட்டிக் கிடந்த அறையில், ஆளில்லாத மேசை மேல் அந்த மணி மூன்று தடவை அடித்து ஓய்ந்திருக்கிறது. கீழே பழனிவேல் வேறு எவனுடைய நம்பரையோ சுமந்த ஊமைப் போனின் பக்கத்தில், வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். அதன் திரை மேல் குங்குமம் வேறு. மாமன் சொன்னது சத்தியம். 'நீயுமா புள்ள சொல்லுற?' என்று அவன் கேட்டது இப்போதுதான் நெஞ்சில் வந்து குத்தியது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

நஜீமுதீன் பாய் எல்லாவற்றையும் கேட்டார். தொப்பியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். "யா அல்லாஹ்" என்று மட்டும் சொன்னார். பிறகு, "மொதல்ல அதச் சரி பண்ணும்மா. இன்னொருத்தனுக்கு அடிபட்டுடப் போவுது" என்றார்.

அதுவும் நியாயம்தானே? சுமதி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஜெயலட்சுமியிடம் கேட்டு, எந்தப் போன் இப்போது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, சர்வரில் மாற்றிப் போட்டாள். எல்லாப் போனையும் ஒரே சமயத்தில் அணைந்து எழும்படி உத்தரவு கொடுத்தாள். அரியலூருக்கு அப்பால் ஒரு ஆபீஸ் முழுக்கப் போன்கள் கண்ணை மூடித் திறந்தன. அவரவர் நம்பர் அவரவர் மேசைக்கு வந்துவிட்டது. மறுபடி அடித்துப் பார்த்தாள். "முதலுதவிங்க, பழனிவேல் பேசுறேன்" என்றது குரல். மீட்டிங் ரூம் போனின் திரையில் எடுக்காத அழைப்புகள் ஏதாவது நின்றிருந்தாலும் அணைந்து எழுந்ததில் அழிந்திருக்கும். சர்வரோ மலிவான ரகம், உள்ளுக்குள் யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்றெல்லாம் நினைவு வைத்துக்கொள்ளாது.

சரியானதும்தான் அவளுக்கு உறைத்தது. இனி யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

பாய்க்கு அது முன்பே புரிந்திருக்க வேண்டும். "புதன்கிழமை விசாரணையாம். போன் கம்பெனி ஆளும் வரணும்னு சொல்லுறாங்க. போன் நல்லாருக்குன்னு சொல்லிட்டு வந்துடும்மா. அது பொய் இல்லியே, இப்ப நல்லாத்தான இருக்கு" என்றார்.

"எங்க மாமா பாய் அது."

"தெரியும்மா." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நாம வேணும்னு செய்யல, அல்லாஹ் அறிவான். ஆனா இது வெளிய போனா ஒரு ஆபீசுக்காரன் நம்மள வாசப்படி ஏத்த மாட்டான். போலீஸ் கேஸுன்னு வந்தா ஒன்னத்தான் மொதல்ல இழுப்பாங்க. புள்ளைங்கள வச்சிருக்க. ஒங்க மாமனுக்கு வேற வேலை நான் பாத்துத் தர்றேன், இன்ஷா அல்லாஹ்."

கெட்ட மனுசன் இல்லை அவர். அதனால்தான் அவர் சொன்னது அவளை இன்னும் போட்டு அழுத்தியது. கெட்டவன் சொல்லியிருந்தால் முகத்தில் அடித்த மாதிரி பதில் சொல்லியிருப்பாள். அன்று ராத்திரியும் மறுநாளும் சோறு இறங்கவில்லை. பிள்ளைகள் பேசினால் எரிந்து விழுந்தாள். புதன்கிழமை காலையில் அரியலூர் பஸ்ஸில் ஏறும்போது, பாய் சொன்னபடியே சொல்லிவிடுவது என்றுதான் போனாள். அதையும் இங்கே மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

விசாரணை முதலுதவி அறையிலேயே நடந்தது. பெர்சனல் மேனேஜர், பழனிவேல், ஜெயலட்சுமி, இரண்டு யூனியன் ஆட்கள் இருந்தார்கள். மூலையில் ஒரு நாற்காலியில் பாப்பாத்தி. திருச்சி ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. அமாவாசையை ஜீப்பில் சுரங்கத்துக்கே அனுப்பியிருந்தார்கள். அன்று செய்ததை அப்படியே செய்து காட்டட்டும் என்பது மேனேஜரின் யோசனை.

எல்லாரும் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். போன் கணீரென்று அடித்தது. மேனேஜர் ஸ்பீக்கர் பட்டனை அமுக்கினார்.

"அமாவாசை, அன்னிக்கும் இதே நம்பரைத்தானே போட்டே?"

"ஆமாங்க சார்."

"இப்ப அடிக்குது. நாங்க எல்லாரும் கேட்டோம். அன்னிக்கு மட்டும் ஏன் அடிக்கலை?"

அந்தப் பக்கம் எங்கோ டிப்பர் ஒன்று கல் கொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஏம்மா, போன் சரியாத்தானே இருக்கு?" மேனேஜர் சுமதி பக்கம் திரும்பினார்.

"நல்லாருக்குங்க சார்" என்றாள் சுமதி. சொல்லிவிட்டாள். வாய் தன்னால் சொல்லியது.

அவளுடைய குரல் ஸ்பீக்கர் வழியாக அமாவாசைக்கும் போயிருக்க வேண்டும். அவன் மெல்லப் பேசினான். "அப்புடின்னா நாந்தான் சார் எதையோ மாத்தி அமுத்திப்புட்டேன் போலருக்கு. ரத்தத்தப் பாத்ததும் கை கால் ஓடல. ராத்திரி குடிச்சது வேற. எங்க அக்கா மவ போட்ட போனு சார், அது தப்பா இருக்காது. தப்பு எம்மேலதான். பாப்பாத்தி, அங்க இருக்கியா தாயி? என்னய மன்னிச்சிரும்மா."

பாப்பாத்தி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குனிந்தாள். மேனேஜர் பேனாவை எடுத்தார்.

செய்யாத தப்பை அந்த மனுசன் நம்பியேவிட்டான். அதுவும் யாருடைய போன் மேல் இருந்த நம்பிக்கையில்? இதைக் கேட்டுக்கொண்டு இன்னும் ஒரு நிமிசம் நின்றால் தான் மனுசியே இல்லை என்று சுமதிக்குத் தோன்றியது.

"எழுதாதீங்க சார்" என்றாள். "மாமா, நீ போன வச்சிட்டு அங்கியே நில்லு. அஞ்சு நிமிசம் கழிச்சு மறுபடி அடி."

சொன்ன கையோடு முதலுதவி அறைப் போனின் வயரைப் பிடுங்கினாள். பழனிவேல், "ஏம்மா, ஏம்மா!" என்று பதறினார். போனை மார்போடு அணைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். எல்லாரும் பின்னாலேயே வந்தார்கள். மீட்டிங் ரூமில் நீண்ட மேசை மேல் இருந்த போனைக் கழற்றித் தள்ளிவிட்டு, கையிலிருந்ததை அந்த வயரில் செருகினாள்.

போன் விழித்து எழக் கொஞ்ச நேரம் பிடித்தது. விலாசம் கேட்கிறது, செட்டிங் கேட்கிறது என்று திரையில் ஒவ்வொன்றாக வந்துபோயின. எத்தனையோ ஆபீசில் இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவள்தான். இன்றைக்கு அது யுகமாக இருந்தது. மேனேஜர், "என்னம்மா செய்யறே நீ?" என்று அதட்டினார். திரையின் ஓரத்தில் துடைத்தும் போகாத குங்குமம் ஒட்டியிருந்தது. அதன் பக்கத்தில் நம்பர் வந்து நின்றது, ஐந்து ஐந்து ஐந்து.

சுரங்கத்தில் அமாவாசை மறுபடி நம்பரை அடித்திருக்க வேண்டும். மாடியில் மணி அடித்தது. ஆளில்லாத பெரிய அறை, ஏசிக்காக அடைத்த கதவு ஜன்னல். அந்தச் சத்தம் அறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. சுமதி அதை உடனே எடுக்கவில்லை, எல்லாரும் கேட்கட்டும் என்று விட்டாள்.

"அன்னிக்கி இங்கதான் சார் அடிச்சுது" என்றாள். "பூஜைக்கு எடுத்தப்ப போன் எடம் மாறிடுச்சு. வயர்ல நம்பர் இல்ல சார், போனுக்குள்ளதான் இருக்கு. அத நான் இவங்க யார்கிட்டயும் சொல்லவே இல்ல. திங்கக்கெழம எனக்குத் தெரிஞ்சுது. பெரம்பலூர்லேர்ந்தே மாத்திப் போட்டுட்டேன். அதான் இப்ப கீழ அடிச்சுது. அவரு கூப்புட்டாரு. மூணு தடவையும் கூப்புட்டாரு."

ஜெயலட்சுமி, "ஐயோ, நாந்தானடி எடுத்து வச்சேன்" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். பாப்பாத்தி கதவருகில் நின்று சுமதியைப் பார்த்தாள். ஊரில் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவளின் பார்வை இல்லை அது.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா எம்புருசனுக்குக் கால் இருந்திருக்கும்ல?" என்றாள்.

 எந்த ஏணி மேலும் சுமதிக்குச் சட்டென்று வரும் பதில் இங்கே வரவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தாள்.

"மாமா" என்றாள். "நாந்தான். மாடியில மீட்டிங் ரூமுலேர்ந்து பேசுறேன். அன்னிக்கி நீ கூப்புட்டது இங்க வந்துதான் அடிச்சிருக்கு. போன் எடம் மாறிடுச்சு மாமா. தப்பு எம்மேலதான். நீ சரியாத்தான் அடிச்ச."

அந்தப் பக்கம் மூச்சு வாங்குவது கேட்டது.

"அப்ப நான் கூப்புட்டேன்ல?"

"கூப்புட்ட மாமா."

"மணி அடிச்சுதுல்ல?"

"அடிச்சுது மாமா."

அவன் அழுதான். குடிக்காமல் அவன் அழுது அவள் கேட்டதில்லை. ஏசுவான், ஏசட்டும், ரெண்டு அறை அறைகிற மாதிரி ஏதாவது கேட்கட்டும் என்று ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூக்கை உறிஞ்சிவிட்டு அவன் கேட்டான்.

"ஏம்புள்ள, அப்ப இப்ப கீழ ரூமுல போன் இல்லியா?"

"இல்ல மாமா. இங்க எடுத்தாந்துட்டேன். ஒனக்குக் காட்டத்தான்..."

"அடிப் பாவி மவளே, இங்க கீழ ஆளுவ கல்லுல நிக்கிறானுவ. அப்பறம் அழுதுக்கலாம். மொதல்ல அத அதும் எடத்துல கொண்டுபோயி வையி" என்றான் அமாவாசை.

சுமதி வயரைப் பிடுங்கினாள். பாப்பாத்தி கதவை விட்டு விலகி வழி கொடுத்தாள். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவள் படியில் இறங்கி ஓடினாள்.